கொள்ளை நோயின் கணக்கும் போதையின் கணக்கும்



கணிதம் வாழ்க்கைக்கு எவ்வாறு பயன்படும் என்ற வினாவை என்னிடம் கேளாத வகுப்பு ஒன்றுகூட இருந்ததில்லை. வட்டிக் கணக்கும் நில அளவையும் மட்டுமே அதன் பயன் என்று பலர் எண்ணுகின்றனர். கணிதம் மனித உயிர்களைக் காத்த வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. கொசுவைப் பற்றி எழுந்த ஒரு கணக்கு, காலராவையும் பிளேக்கையும் அளந்து, இறுதியில் இளைஞரைப் பற்றும் போதைப் பழக்கத்தை அளக்கவும் வந்து சேர்ந்த கதை அது. கொல்லிமலையில் செம்மேட்டில் ஓய்வுபெற்று வாழும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் அதனை உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

கதையின் முதல் மனிதர் ரொனால்டு ராஸ். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் 1857-ஆம் ஆண்டு பிறந்தவர். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் வேலை தொடங்கினார். 1897-ஆம் ஆண்டு நீலகிரியில் சீகூர்ப் பகுதியில் மலைக்காய்ச்சலை ஆராயச் சென்றபோது தாமே அக்காய்ச்சலில் விழுந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்தராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவும் உங்கள் பாடநூலில் இருக்கும். பாடநூலில் இல்லாத பகுதியை இனிச் சொல்கிறேன்.

கொசுதான் காரணம் என்று ராஸ் கூறியதும், அறிஞர் பலர் நகைத்தனர். "உலகிலுள்ள கொசுக்களை எல்லாம் கொன்று தீர்க்க யாரால் இயலும்? ஒரு கொசு எஞ்சினாலும் நோய் எஞ்சுமன்றோ?" என்பது அவர்கள் வாதம். மலையில் வாழும் எங்களுக்கு இது நியாயமான வாதமாகவே தோன்றும். ஏனெனில் ஒவ்வொரு பாறைப் பிளவிலும் மழைநீர் தேங்கி நிற்கும் நாடு இது. ராஸ் இவ்வாதத்திற்குக் கணிதத்தால் விடை கூறினார். மொரீஷியஸ் தீவில் மலேரியாவைப் பற்றி 1908-இல் எழுதிய அறிக்கையிலும், பின்னர் 1911-இல் வெளியிட்ட நூற்பதிப்பிலும், ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு நோயாளியிடமிருந்து நோய் சராசரியாக ஒருவருக்கும் குறைவான பேருக்கே செல்லுமானால், அந்நோய் தானே தேய்ந்து மறையும். ஆகவே கொசுக்கள் அனைத்தையும் அழிக்கத் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தால் போதும். அந்த அளவைத்தான் நாம் இங்கே வரம்பு என்று அழைப்போம். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை முழுவதும் இதனைச் சுற்றியே செல்கிறது.

இரண்டாம் மனிதர் ஆண்டர்சன் கிரே மெக்கெண்ட்ரிக். ஸ்காட்லாந்துக்காரர், ராஸைப் போலவே இந்திய மருத்துவப் பணியினர். ராஸுடன் ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனுக்கு 1901-இல் சென்றுவந்தபோது, கணிதத்தைக் கற்குமாறு ராஸ் அவரைத் தூண்டினார். மருத்துவராக இருந்துகொண்டே அவர் கணிதம் பயின்றார். இமயமலைச் சாரலில் கசௌலியிலுள்ள ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, 1920-இல் எடின்பரோ திரும்பினார். அவர் 1926-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்தியக் கிராமம் ஒன்றின் காலராக் கணக்கு உள்ளது. நான் வகுப்பில் பலமுறை கரும்பலகையில் எழுதிக்காட்டிய கணக்கு அது. நீங்களும் எழுதிப் பாருங்கள்.

அக்கிராமத்தில் 223 வீடுகள். அவற்றுள் 168 வீடுகளில் ஒருவருக்கும் காலரா இல்லை. 32 வீடுகளில் ஒருவருக்கும், 16 வீடுகளில் இருவருக்கும், 6 வீடுகளில் மூவருக்கும், ஒரு வீட்டில் நால்வருக்கும் நோய் கண்டது. ஆக, நோயுற்றோர் 86 பேர். இதனைப் பார்த்த எவரும் என்ன கூறுவர்? "168 வீட்டார் தூய்மையானவர்கள், அல்லது உடல் வலிமையுடையவர்கள், அதனால் தப்பினர்" என்பர். மெக்கெண்ட்ரிக் அவ்வாறு கூறவில்லை. ஒருவர், இருவர், மூவர் என நோயுற்ற வீடுகளின் எண்ணிக்கை எவ்வாறு இறங்கிச் செல்கிறது என்று நோக்கினார். தற்செயலாக நிகழும் நிகழ்ச்சிகளுக்குரிய விதிப்படி, அந்த இறங்கு வரிசைக்குப் பொருந்தும் மொத்த வீடுகள் 93 மட்டுமே என்று கணக்கிட்டார். அதாவது நோயின் வாய்ப்பட்ட வீடுகள் 93. அவற்றுள் 55 வீடுகளில் நோய் தோன்றியது. ஏறத்தாழ 38 வீடுகள் மயிரிழையில் தப்பின. எஞ்சிய 130 வீடுகளை நோய் நெருங்கவே இல்லை. ஆகவே ஊரில் பல கிணறுகள் இருக்கவேண்டும் என்றும், 93 வீட்டாரும் நீர் எடுத்த ஒரு கிணறு மட்டும் நஞ்சேறியிருக்கவேண்டும் என்றும் அவர் கருதினார். ஊரில் விசாரித்தபோது அவ்வாறே இருக்கக் கண்டனர்.

இக்கணக்கின் நயத்தை எண்ணிப் பாருங்கள். நோயுறாத வீடுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. நஞ்சுக் கிணற்றில் நீர் குடித்தும் தப்பிய வீடு வேறு; அக்கிணற்றைக் காணாத வீடு வேறு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இந்த வேறுபாட்டைப் பின்னர் நாம் மீண்டும் சந்திப்போம்.

மூன்றாம் மனிதர் வில்லியம் ஓகில்வி கெர்மாக். எடின்பரோவில் மெக்கெண்ட்ரிக்குடன் பணியாற்றிய வேதியியல் அறிஞர். 1924-இல் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தில் இரு கண்களையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 26. ஆயினும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. இவ்விருவரும் சேர்ந்து 1927-இல் கொள்ளை நோய்களின் கணிதக் கோட்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். தம் கோட்பாட்டைச் சோதிப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாய் நகரத்தின் பிளேக் கணக்கு. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை வாரந்தோறும் இறந்தவர் தொகை அது. தொகை முதலில் மெல்ல ஏறி, பின் விரைந்து உயர்ந்து, உச்சியைத் தொட்டு, அதே விரைவில் சரிந்தது. அவர்கள் வகுத்த சமன்பாட்டின் வளைகோடு அதற்கு மிக நெருங்கிப் பொருந்தியது.

அவர்கள் செய்தது எளிய செயல்தான். மக்களை மூன்று பெட்டிகளாகப் பிரித்தனர். நோய் வரக்கூடியவர் முதற்பெட்டியினர். நோயுற்றுப் பிறருக்குப் பரப்புவோர் இரண்டாம் பெட்டியினர். குணமடைந்தோ இறந்தோ அந்த ஓட்டத்திலிருந்து நீங்கியவர் மூன்றாம் பெட்டியினர். ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மக்கள் எவ்வளவு விரைவில் செல்கின்றனர் என்பதே கணக்கு. கொள்ளை நோய் ஏன் அடங்குகிறது என்பதற்குப் புதிய விடை இதிலிருந்து கிடைத்தது. ஊரில் நோய் வரக்கூடியவர் ஒருவரும் இல்லாமற் போவதால் நோய் அடங்குவதில்லை. அத்தகையோர் தொகை வரம்புக்குக் கீழே இறங்கியவுடன், பலர் எஞ்சியிருக்கும்போதே, நோய் தணியத் தொடங்குகிறது.

போதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். போதையை ஒழிக்க நம் முன்னோர் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று அறவுரை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மற்றொன்று சட்டம். இந்தியாவில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த மாவட்டம் நம் சேலம் மாவட்டமே. இராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபர் முதல் நாள் அது தொடங்கியது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகும் வரை இம்மலையும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அவர்கள் அம்மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். ஒரு சமூகச் சட்டத்தின் பயனைப் புள்ளி விவரங்களால் அளக்க முயன்ற அச்செயல் பாராட்டத்தக்கது. ஆயினும் பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எவ்வாறு செல்கிறது என்பதைப் பின்தொடர்ந்து காணும் மூன்றாவது வழி, அதன்பின் முப்பது ஆண்டுகள் கழித்தே பிறந்தது.

தென் இங்கிலாந்தில் கிராலி என்னும் புதிய நகரம். அங்கே 1960-களில் இளைஞரிடையே ஹெராயின் பழக்கம் பரவியது. டி அலார்கான் என்னும் மருத்துவர், பழக்கத்திற்கு ஆட்பட்ட ஒவ்வோர் இளைஞனிடமும், "முதன்முதலில் உனக்குக் கொடுத்தவர் யார்?" என்று கேட்டார். கிடைத்த விடைகளைக் கோடுகளாக இணைத்தபோது, ஒரு குடும்ப மரம் போன்ற படம் உருவாயிற்று. 1969-இல் அதனை வெளியிட்டார். அதில் நோய் பரவும் வழியே தெரிந்தது. நண்பனிடமிருந்து நண்பனுக்கு அது சென்றிருந்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஹியூஸ், கிராஃபோர்டு என்னும் இருவர் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனையே கூறிற்று. நெடுநாள் பழகி உடல் நலிந்தவனைவிட, அண்மையில் பழகியவனே பிறரை அதிகம் ஈர்க்கிறான் என்பது அதில் தெரிந்தது. காரணம் எளிது. நலிந்தவனைக் கண்டால் அச்சம் உண்டாகும். நேற்றுப் பழகியவனோ நன்றாக உடுத்தி, சிரித்துப் பேசி, "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறான்.

இவ்வுண்மைகள் தெரிந்தபின், கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் வகுத்த சமன்பாட்டை எடுத்துப் பொருத்துவதே எஞ்சியது. மெக்கிண்டாஷ், ஸ்டூவர்ட் என்னும் இருவர் அதனை எளிமையாக்கி 1979-இல் ஹெராயின் பழக்கத்திற்குப் பயன்படுத்தினர். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து புகையிலைப் பழக்கத்திற்கு ஒரு கணக்கு வெளிவந்தது. 2007-இல் அயர்லாந்தில் எம்மா வொயிட், கேத்தரின் கோமிஸ்கி என்னும் இரு பெண் அறிஞர்கள், பழக்கத்திற்கு ஆட்படக்கூடியவர், ஆட்பட்டவர், சிகிச்சை பெறுவோர் என மூன்று பெட்டிகள் கொண்ட கணக்கை அமைத்தனர். வந்தபின் தீர்ப்பதைவிட வருமுன் காப்பதே சிறந்தது என்ற முடிவுக்கு அவர்களின் கணக்கு வந்து நின்றது. நம் பாட்டிமார் சொன்ன சொல்தான். ஆனால் இப்போது அதற்கு நிறுவல் கிடைத்துவிட்டது.

இக்கணக்கின் உள்ளுறையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்திற்காக நானே கற்பித்தவை. பழக்கமுள்ள ஒரு மாணவன் ஓராண்டில் பத்து நண்பரிடம் அதனை நீட்டுகிறான். பத்தில் ஒருவன் இணங்குகிறான். கொடுத்தவன் இரண்டு ஆண்டுகள் அப்பழக்கத்தில் இருக்கிறான். பத்தைப் பத்தில் ஒன்றாலும், பின் இரண்டாலும் பெருக்கினால் இரண்டு. அதாவது ஒருவன் இருவரை உண்டாக்குகிறான். இருவர் நால்வர், நால்வர் எண்மர், எண்மர் பதினறுவர்! ஐந்தாம் தலைமுறையில் 32 பேர். ஏறக்குறைய ஒரு வகுப்பறை.

இனி மற்றொரு வழியில் பாருங்கள். இணங்குவோர் பத்தில் ஒருவராக இல்லாமல், இருபத்தைந்தில் ஒருவராகக் குறைந்தால் என்ன ஆகும்? பத்தை இருபத்தைந்தால் வகுத்து, இரண்டால் பெருக்கினால் 0.8. இப்போது நூறு பேர் எண்பது பேரைத்தான் உண்டாக்குவர். எண்பது 64 ஆகும். 64 ஏறத்தாழ 51 ஆகும். 51 ஏறத்தாழ 41 ஆகும். பழக்கம் தேய்ந்துபோகும். எல்லோரும் முனிவராகவேண்டும் என்பதில்லை. இன்னும் சிலர் "வேண்டாம்" என்று சொன்னால், வரம்பைத் தாண்டிவிடலாம். அல்லது, ஒருவன் பழக்கத்தில் கிடக்கும் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து ஆறு திங்களாகக் குறைத்தாலும் போதும். இரண்டு என்ற எண் அரையாகிவிடும். மூன்று எண்களில் எதைக் குறைத்தாலும் பயன் உண்டு என்பதே ராஸ் காலத்திலிருந்து வரும் செய்தி.

இதனை ஒரு பள்ளியில் நான் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, பழக்கத்தை விட்டவன் எந்தப் பெட்டியில் சேர்வான்?" என்று கேட்டான். அக்கேள்வி அறிஞர்களையும் தடுமாறச் செய்த கேள்வி. பிளேக்கில் மூன்றாம் பெட்டிக்குச் சென்றவர் அவ்வலைக்குள் திரும்பி வருவதில்லை. பழக்கத்தை விட்டவனோ திரும்பி வரக்கூடும். கார்னெல் கணக்கில் புகையிலையை விட்டவர்கள் மீண்டும் அதற்குத் திரும்பும் வழி தனியே சேர்க்கப்பட்டது. அயர்லாந்துக் கணக்கிலும் சிகிச்சைப் பெட்டியிலிருந்து பழக்கப் பெட்டிக்கு அம்புக்குறி உண்டு. நான் அம்மாணவனிடம், "அவன் கதவருகே நிற்கிறான். கதவு எப்பக்கம் திறக்கும் என்பது அவனைச் சுற்றியிருக்கும் நம்மைப் பொறுத்தது" என்று கூறினேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அமரும்போது அவன் முகம் தெளிந்திருந்தது.

இவ்விடத்தில் பள்ளிகளில் நிலவும் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசவேண்டும். ஒரு மாணவனிடம் புகையிலையோ வேறு பொருளோ கண்டால், மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது அவ்வழக்கம். "அழுகிய பழத்தை எடுத்தெறியாவிட்டால் கூடையே அழுகும்" என்பர். பலாவும் அன்னாசியும் விளையும் மலையில் வாழும் எனக்கு அந்த உவமை புரியாமலில்லை. ஆனால் கணக்கு வேறு கூறுகிறது. மாணவன் நம் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்குகிறானேயன்றி, இரண்டாம் பெட்டியிலிருந்து நீங்கவில்லை. பள்ளியில் இருந்தபோது நாள் ஒன்றுக்கு ஏழு மணி நேரம் ஆசிரியர் கண்ணில் பட்டான். இப்போது முழுநாளும் தெருவில் இருக்கிறான். பழக்கத்தில் கிடக்கும் காலம் நீளுகிறது. நீட்டும் கைகளும் நீளுகின்றன. மாலையில் அவனைச் சந்திப்பவர் நம் மாணவரே அல்லரோ? நாம் குறைக்க எண்ணிய எண்ணைப் பெருக்கிவிட்டோம். அவனைப் பள்ளியில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடமும் பெற்றோரிடமும் சேர்த்து, காலத்தைச் சுருக்குவதே கணக்குக்கு ஒத்தது, அறத்திற்கும் ஒத்தது.

தண்டனையே வேண்டாம் என்று நான் கூறவில்லை. அது சேரவேண்டிய இடம் வேறு. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்றல் குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எங்கு விற்றாலும் குற்றம். 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, மருத்துவர் ஆணையின்றிக் குழந்தைக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மெக்கெண்ட்ரிக் கண்ட ஊரில் நஞ்சேறிய கிணறு எதுவோ, அதுவே நம் ஊரில் அந்தக் கடை. கிணற்றை மூடுவது சட்டத்தின் வேலை. நீர் குடித்தவனைக் காப்பது நம் வேலை.

நம் நாட்டின் நிலை என்ன? நடுவண் அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பசை போன்றவற்றின் ஆவியை மூச்சால் உள்ளிழுக்கும் பழக்கம் வளர்ந்தவரிடையே 0.58 விழுக்காடு, சிறாரிடையே 1.17 விழுக்காடு. பெரியவரைவிடச் சிறுவரிடையே மிகுந்து காணப்படும் போதைப் பழக்கம் இது ஒன்றே. ஏறத்தாழ 4 லட்சத்து 60 ஆயிரம் சிறாருக்கு இதனால் மருத்துவ உதவி தேவை என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும், ஒரு தாயும், காலியாகக் கிடக்கும் ஒரு வகுப்பறை இருக்கையும் உண்டு.

கணக்கின் குறைகளையும் சொல்லாமல் விடுவது முறையன்று. பம்பாயில் பிளேக்கால் இறந்தவர் தொகை ஏட்டில் இருந்தது. போதைக்கு ஆட்பட்டவனோ தன்னை மறைத்துக்கொள்கிறான். ஆதலால் நம் எண்கள் மதிப்பீடுகளே. எல்லோரும் எல்லோருடனும் ஒரே அளவில் பழகுகின்றனர் என்று எளிய சமன்பாடு கொள்கிறது. உண்மையில் உங்களுக்கு நாலைந்து நெருங்கிய நண்பரே இருப்பர். அன்றியும், கொசு கடிக்கும்போது நாம் இசைவு தருவதில்லை. நண்பன் நீட்டும்போது இசைவு தருகிறோம், அல்லது மறுக்கிறோம். எத்தனை பேர் விழுவர் என்று சமன்பாடு கூறலாம். யார் விழுவர் என்று கூற அதனால் இயலாது. அந்த இடைவெளியில்தான் மனித உரிமையும் பொறுப்பும் இருக்கின்றன.

இனி, நஞ்சுக் கிணற்று ஊருக்கு ஒருமுறை திரும்புவோம். எந்தப் பழக்கமும் இல்லாத மாணவன் தன்னை மிக வலிமையுடையவன் என்று எண்ணலாம். ஆனால் அவன் அந்த 38 வீடுகளில் ஒருவனா, 130 வீடுகளில் ஒருவனா? பெரும்பாலும் அவனுக்கு முன் எவரும் எதையும் நீட்டியிருக்கமாட்டார்கள். ஆகவே விழுந்தவனை இகழ்வதற்கு அவனுக்கு உரிமையில்லை. தான் நாளை கல்லூரிக்கும் நகரத்திற்கும் செல்லும்போது அந்தக் கிணறு எதிர்ப்படும் என்று அறிந்து ஆயத்தமாக இருக்கும் கடமையே உண்டு. விழுந்த நண்பன் ஒருவன் உங்களுக்கு இருந்தால், 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அவனுக்குக் கூறுங்கள். அஞ்சாமல் ஓர் ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவன் அந்தப் பெட்டியில் கிடக்கும் காலத்தில் ஒரு திங்களை நீங்கள் குறைத்தாலும், கணக்கில் அது சேரும்.

கொசுக்களை முற்றும் அழிக்க இயலாது என்று சொன்னவர்களுக்கு ராஸ் கூறிய விடை, நமக்கும் பொருந்தும். முற்றும் அழிக்கவேண்டியதில்லை. ஒன்றுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும்.